மெட்ரோ இல்லாத ஊருக்குச் செயலி எதற்கு?

கேள்வி: 2025-இல் வந்த ‘சென்னை ஒன்’ செயலியில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் எல்லாவற்றுக்கும் டிக்கெட் எடுக்கலாம். டவுன் பஸ்ஸை நம்பியிருக்கும் நெல்லைக்கு அதில் என்ன இருக்கிறது?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: நமக்குத்தான் அதிகம் இருக்கிறது! சென்னையில் ஒரு பஸ் போனால் பின்னாலேயே இன்னொன்று வந்துவிடும். மலையடிவாரக் கிராமத்தில் ஒன்றைத் தவறவிட்டால், அடுத்தது வருவதற்குள் பக்கத்தில் நிற்பவரோடு சம்பந்தமே பேசி முடித்துவிடலாம். பஸ் எங்கே வருகிறது என்று அந்தச் செயலி காட்டும் தகவல் அவர்களுக்கு வசதி. நம்மவர்களுக்கு அரைநாள் கூலி. ஆகவே சென்னையிடம் டிக்கெட்டுக்கு முன்னால் கேட்டு வாங்க வேண்டியது, பஸ்ஸின் இருப்பிடத்தைக் காட்டும் ஏற்பாட்டைத்தான்.

அதற்கு முதல் படி, கால அட்டவணையை எந்தச் செயலியும் படிக்கும்படி எழுதுவது. அந்த முறையை 2005-இல் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து உருவாக்கின. இன்று உலக நகரங்கள் பலவும் பயன்படுத்துவது அதைத்தான்; காசு கொடுக்க வேண்டியதில்லை. 2017-லேயே ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் ஏறிய ஊர் நம்முடையது. அம்பாசமுத்திரம், பாபநாசம் பஸ்களிலிருந்து தொடங்கலாம். ஒன்று மட்டும்: கட்டணமில்லா ‘விடியல் பயணம்’ பஸ்களில் ஏறும் பெண்கள் எல்லோரிடமும் ஸ்மார்ட்போன் இருக்காது. அதே தகவல் நிறுத்தத்தின் பலகையிலும் ஓட வேண்டும், பெரிய எழுத்தில், தமிழில்.