ஒட்டிக் குடு ராசா

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு பொடியன் வெல்டிங் படிக்கப் போகிறான் என்ற செய்தி பிரட்டுக் களத்தைத் தாண்டுவதற்குள் அவனுக்கு வேலை வந்துவிடுகிறது. கையுறைகூட இன்னும் கைக்கு வரவில்லை. அதற்குள் வாசலில் கால் ஒடிந்த இரும்புக் கதிரை ஒன்று, காதறுந்த அலுமினியச் சட்டி ஒன்று. "ஒட்டிக் குடு ராசா, நீதான் படிக்கிறியே!" என்கிறார் பக்கத்து லயத்துப் பெரியம்மா. அலுமினியத்துக்கு இந்தக் குச்சி சரிவராது, ஆர்கன் வாயு வேண்டும் என்று அவன் விளக்கினால், "படிக்கிறதுக்கு முன்னாடியே இம்புட்டுப் பெருமையா?" என்று பதில் வருகிறது.

படிப்பைப் புரியவைப்பது அதைவிடக் கஷ்டம். என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமையில் ஏழு மட்டங்கள். முதல் நாலு சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். வெல்டிங் பொடியன்களின் குறி மூன்றும் நாலும். தாத்தாவுக்கோ ஒரே குழப்பம்: "ஓ.எல். எழுதினவன் எதுக்குடா திரும்ப மூணாம் வகுப்புக்குப் போறே?"

அப்பா கணக்குப் பார்ப்பவர். தோட்ட நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆவதற்கு 2021 வரை தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. 1,350 ஆனது 2024இல். அதற்குச் சங்கங்கள், பேச்சுவார்த்தை, வர்த்தமானி, வழக்கு எல்லாம் தேவைப்பட்டன. ஹட்டன் டவுனில் கேட் அடிக்கும் வெல்டிங் பாஸோ தனியாளாக நின்று, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டே பேரத்தை முடித்துவிடுகிறார்.

பொடியனின் உண்மையான பரீட்சகர் பனிமூட்டம். அவன் மாவட்டத்தின் தலைநகர் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உடுப்பே காயாத ஊரில் வெல்டிங் குச்சி எப்படிக் காயும்? மேல்பூச்சு ஈரம் குடித்தால் குச்சி அப்பளம்போல நமத்துப்போகும். 7018 என்ற குச்சிக்கு இது ஆகவே ஆகாது. ஈரத்திலுள்ள ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்துகொண்டு, எல்லாம் ஆறி, பாஸ் பாராட்டிவிட்டுப் போன பிறகு, சில சமயம் மறுநாள்தான் வெடிப்பு விடும். அதனால் குச்சிகளைச் சூட்டடுப்பில் வைத்துக் காப்பாற்றுவார்கள். வீட்டில் பயிற்சி எடுக்கும் பொடியனுக்கு அந்த வசதி கிடையாது. அம்மாவின் விறகடுப்போரம் ரொட்டி ஒருபக்கம், குச்சி மறுபக்கம். 7018க்கு முந்நூறு பாகைக்கு மேல் சூடு வேண்டும் என்பதை அம்மாவிடம் அவன் சொல்லவில்லை; விறகு சுமப்பவர் அவர்.

அடுத்தது கரண்ட். பக்கத்திலேயே லக்ஸபான, 1950 முதல் மின்சாரம் தருகிறது. ஆனால் லயத்து லைனில் அவன் குச்சியை இரும்பில் உரசியதும் வரிசையிலுள்ள பல்புகளெல்லாம் கண்ணடிக்கின்றன. சீரியலில் மருமகள் வாயைத் திறக்கும் நேரம் பார்த்து டீவி செத்துப்போகும். அன்றிரவு எட்டுக் காம்பராவும் சேர்ந்து அவனுக்குக் கொடுத்த சாபத்தை இங்கே அச்சிட முடியாது.

"ஒரு நிமிசந்தானே" என்று முகமூடி இல்லாமல் அடித்தால் வேறு வகைச் சாபம். ஆர்க்கின் புறஊதாக் கதிர் உடனே எதையும் காட்டிக்கொள்ளாது. ஆறு, ஏழு மணி நேரம் கழித்து, நல்ல தூக்கத்தில், கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் எழுப்பும். லயத்து வைத்தியம் உருளைக்கிழங்கு வில்லை. நுவரெலியாவில் அதற்கா பஞ்சம்? கண்ணில் கிழங்கோடு படுத்திருப்பவனைப் பார்த்து அம்மாயி, "கறிக்கு வச்சிருந்தது எங்கேடா?" என்றுதான் முதலில் கேட்பார். பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாக ஆறிவிடும்; பெயரைக் கிழங்கு தட்டிக்கொள்ளும். டாக்டரிடம் காட்டுவதே புத்திசாலித்தனம்.

அவன் கனவு 6ஜி. சுழற்ற முடியாதபடி 45 பாகைச் சரிவில் பொருத்திய குழாயைச் சுற்றிச் சுற்றி வந்து ஒட்ட வேண்டும். வளைகுடாவில் பைப் வேலைக்குப் போகிறவர்களிடம் இந்தச் சோதனையைத்தான் கேட்பார்கள். சமதரையில் பிறந்தவர்களுக்கு அது கஷ்டமாக இருக்கலாம். தேயிலை மலையில் சரிவாகவே நின்று வளர்ந்தவனுக்குக் கால் பிரச்சினை இல்லை. கைதான் இன்னும் நடுங்குகிறது.

அதற்குள் கோயில் கமிட்டி வந்துவிட்டது. திருவிழாவுக்கு மாரியம்மன் சூலத்தின் நடு முனை ஆடுகிறதாம். கூலி எவ்வளவு என்று தலைவரிடம் கேட்க அவனுக்குக் கூச்சம். அவரே முந்திக்கொண்டார்: "ஆத்தா பாத்துக்குவா தம்பி. குச்சி மட்டும் நீயே கொண்டாந்துரு."