பவளக் காளானுக்குக் கடலோடு உறவா?

கேள்வி: மாரிமழையோடு உக்கிய மரத்தில் கிளைவிட்டு நிற்பதைப் பவளக் காளான் என்கிறார்களே, பவளம் சிவப்பல்லவா? இதுவோ வெள்ளை!
- ஒட்டுசுட்டான் வாசகர்

பதில்: நீங்கள் நகைக்கடைப் பவளத்தை நினைக்கிறீர்கள், பெயர் வைத்தவர் பாறைப் பவளத்தை நினைத்தார். சுண்ணாம்பு சுட்ட முருகைக்கல்லைப் பாருங்கள், வெள்ளைதான். ஒப்புமை நிறத்தில் இல்லை, கிளையில். கடலில் அந்தக் கிளையைக் கட்டுவது சிறு விலங்கு, காட்டில் பங்கசு. குடைக்காளான் வித்திகளைக் குடைக்கு அடியில் மடிப்புகளில் வைத்திருக்கும். பவளக் காளானுக்குக் குடையே கிடையாது. கிளையின் மேற்பரப்பில்தான் வித்தி உண்டாகிறது. கிளை பெருகினால் வித்திக்கு இடமும் பெருகும்.

உருவம் ஒன்றென்றால் குடும்பமும் ஒன்றுதானே என்பீர்கள். முன்னோரும் அப்படி நம்பித்தான் பெரும்பாலானவற்றைக் கிளவேரியா என்ற ஒரே சாதிக்குள் அடைத்தார்கள் (உயிரியல் புத்தகச் சாதிதான், சண்டைக்கு வராதீர்கள்). 1950இல் பங்கசு ஆய்வாளர் கார்னர் இவற்றுக்கென்றே பெரிய நூல் எழுதிப் பல சாதிகளாகப் பிரித்தார். பிறகு வந்த மரபணு ஆய்வு, அந்தச் சாதிகளில் ராமேரியாவும் கிளவுலினாவும் வெவ்வேறு வருணம் (குடும்பத்துக்கும் மேலான பிரிவு) என்றே காட்டியது. ஆக, பெயர் உருவத்துக்குத்தான் சாட்சி. உறவுக்கு இல்லை, கறிச்சட்டிக்கும் இல்லை. ஐரோப்பாவின் ராமேரியா ஃபோர்மோசா பார்க்க அழகுதான், தின்றால் வயிற்றோட்டம். அடையாளம் தெரியாததை அடுப்பில் ஏற்றாதீர்கள்.