இரவல் உடம்பில் ஈசுவர தரிசனம்

கேள்வி: எலும்பும் தசையுமான இந்தச் சரீரம் கடவுளைப் பற்றி நமக்கு ஏதேனும் சொல்ல வல்லதா? அல்லது, அதைக் கழற்றி எறிந்த பிறகுதான் ஞானம் சித்திக்குமா?

பதில்: கழற்றி வைத்துப் பார்த்த ஒருவரையே கேட்டுவிடுவோமே! கயிலையினின்று தென்திசை வந்த யோகியார் ஒருவர், காவிரிக் கரைச் சாத்தனூரில் மூலன் என்னும் இடையன் மாண்டு கிடக்க, அவனைச் சுற்றிச் சுழன்றும் மோந்தும் கதறிய பசுக்களின் துயரம் பொறாமல், தம் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு அவனுடலிற் புகுந்தார் என்றும், மாடுகளை ஊர் சேர்த்துவிட்டுத் திரும்பியபோது வைத்த உடலைக் காணவில்லை என்றும் பெரியபுராணம் கூறும். அந்த இரவல் சரீரத்தோடு திருவாவடுதுறை அரசமரத்தடியில் அமர்ந்து, ஆண்டுக்கு ஒரு பாட்டாக 3000 பாடினார் என்று சொல்லப்படும் திருமூலர், உடம்பைத் தாழ்வாக எண்ணியிருந்த தம் பழைய கொள்கையைக் கைவிட்டு, உள்ளே இறைவன் குடியிருப்பதை அறிந்தபின் அதைப் பேணலானதாகத் திருமந்திரத்தில் தெரிவிக்கிறார்.

ஆயினும், சவத்தை அறுத்துப் பார்க்கும் வைத்தியருக்கு ஈரல் அகப்படுமேயன்றி ஈசன் அகப்படமாட்டான். ஆகவேதான் அந்நூலின் மூன்றாம் தந்திரம் பிராணாயாமம் முதலிய அட்டாங்க யோக சாதனைகளை விரித்துரைக்கிறது. இரவலாகக் கிடைத்ததையே அவர் அத்தனை கருத்தாகப் பேணினாரென்றால், சொந்த உடம்பு வாய்த்திருக்கும் நாம் நள்ளிரவில் அதனுள் வாழைக்காய் பஜ்ஜியைத் திணிப்பது சுத்த தெய்வ நிந்தனையன்றோ!