தேன் இல்லாத தேன் அங்கிள்

செராஸில் எங்கள் அடுக்குமாடியில் என்னைத் ‘தேன் அங்கிள்’ என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகக் குடிவருகிறவர்கள் பெயரைக் கேட்டுவிட்டு, மறுநாளே காலிப் போத்தலோடு வாசலில் நிற்பார்கள். பிள்ளைக்கு இருமல், மாமியாருக்குச் சித்த மருந்து, வீட்டில் அபிஷேகம். “அசல் தேனா கிடைக்குமா அங்கிள்?” என்னிடம் அசலும் கிடையாது, கலப்படமும் கிடையாது. தேனையும் தேனீயையும் பற்றிய பழைய புத்தகங்கள்தான் இருக்கின்றன. மூன்றாம் மாடித் தம்பி ஒருவர் அப்படி வந்தபோது, “தேன் இல்லை தம்பி, வேணும்னா லாங்ஸ்ட்ரோத் தரட்டுமா?” என்றேன். “அது ஆஸ்திரேலியா பிராண்டா அங்கிள்? எத்தனை வெள்ளி?” என்றார்.

லாங்ஸ்ட்ரோத் பிராண்டு இல்லை, அமெரிக்கப் பாதிரியார். தேனீக்கள் தங்களுக்குள் விட்டுக்கொள்ளும் இடைவெளியின் அளவை 1851-இல் பிடித்தவர். ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவு. அதைவிடக் குறுகலாக இருந்தால் தேனீ பிசின் வைத்து அடைத்துவிடும். அகலமாக இருந்தால் அங்கேயும் ஓர் அடை கட்டிவிடும். சரியான அளவில் விட்டால் நடைபாதை என்று மதித்து அப்படியே விட்டுவிடும். இந்த ஒரு சங்கதியை வைத்து, சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கிற மாதிரி பெட்டி செய்து, 1852-இல் காப்புரிமை வாங்கி, 1853-இல் புத்தகமும் போட்டார். இன்றைக்கும் உலகத்தில் எத்தனையோ தேனீப் பெட்டி அவர் பெயரில்தான் ஓடுகிறது. என் மனைவியும் இதே கொள்கைதான். அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே ஆள் போய்வர இடம் இருக்கும்வரை ஒன்றும் சொல்ல மாட்டாள். குறைந்தால் மட்டும் ரீங்காரம் ஆரம்பிக்கும்.

என் அலமாரியில் உள்ள ஆசிரியர்களில் பாதிப் பேர் சாமியார்கள். ஆண் தேனீ அப்பா இல்லாமலே பிறக்கிறது என்று கண்டுபிடித்த ட்சியர்சோன் கத்தோலிக்கக் குருவானவர். பக்ஃபாஸ்ட் மடத்து பிரதர் ஆடம் துறவி. வாரத்தில் ஒரு நாள் பிரசங்கம், மிச்ச நாள் தோட்டம் என்று வேலை அமைந்தால் மனிதன் ஒன்று குடிப்பான், இல்லாவிட்டால் தேனீ வளர்ப்பான். காலையும் மாலையும் பூசையோடு மல்லுக்கட்டும் நம் குருக்கள்மாருக்கு அந்த வசதி கிடையாது. அதனால்தானோ என்னவோ, தமிழில் பழைய தேனீப் புத்தகம் ஒன்றுகூட இதுவரை என் கையில் சிக்கவில்லை.

சாமியார்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் சார்லஸ் பட்லர். இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் கிராமத்துப் பாதிரி. 1609-இல் ‘ஃபெமினின் மோனார்க்கி’ என்று ஒரு புத்தகம் எழுதினார். அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து கூட்டின் தலைவரை ராஜா என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ராஜா இல்லை ஐயா, ராணி என்று இங்கிலாந்துக்காரர்களிடம் அடித்துச் சொன்னவர் பட்லர். எலிசபெத் ராணி 44 வருஷத்துக்கு மேல் ஆண்டு முடித்த சில வருஷங்களிலேயே எழுதியதால் அங்கே யாரும் அதிர்ச்சி அடைந்திருக்க மாட்டார்கள் என்பது என் யூகம். அசல் பிரதிக்குச் சொல்லும் விலையில் ஓடுகிற நிலையில் ஒரு மைவி கார் வாங்கலாம். ஆகவே மறுபதிப்பு.

அதிலும் 1634-ஆம் வருஷத்துப் பதிப்பின் மறுபதிப்பு. அதைப் புரட்டிப் பார்த்த என் தங்கை மகன், “என்ன மாமா, வாட்ஸ்அப்பில் டைப் பண்ணின மாதிரி இருக்கு? ஸ்கேன் பண்ணினவனுக்கு இங்கிலீஷ் தெரியாதா?” என்றான். ஸ்கேன் செய்தவர் மேல் பழி இல்லை. ஆங்கிலத்தை உச்சரிக்கிறபடியே எழுத வேண்டும் என்று பட்லரே ஓர் எழுத்துச் சீர்திருத்தம் செய்து, தேனீப் புத்தகத்தை அதில் அச்சடித்துவிட்டார். பெரியார் எழுத்துக்கு நாம் பட்ட பாடு தெரியும். பட்லர் எழுத்தை அவரைத் தவிர யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. அதோடு நின்றாரா? ராணித் தேனீக்கள் போடும் சத்தத்தை வைத்து நான்கு குரல்களுக்கு ஒரு பாட்டும் அமைத்திருக்கிறார். மேசைக்கு இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர் உட்கார்ந்து ஒரே புத்தகத்தைப் பார்த்துப் பாட வேண்டும் என்பதற்காக, பாதி ஸ்வரங்களைத் தலைகீழாக அச்சடித்திருக்கிறார்கள். அதை நான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்கிற மனுஷன் என்று அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் பேச்சு.

மறுபதிப்பு என்றதும் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் நார்தர்ன் பீ புக்ஸ் மாதிரி, தேனீப் புத்தகங்களுக்காகவே நடக்கிற பதிப்பகங்கள் உண்டு. இன்னொரு ஜாதி உண்டு: எங்கோ ஒரு நூலகப் பிரதியை அவசரமாகப் படம் பிடித்து, கேட்டவுடன் அச்சடித்து அனுப்புகிறவர்கள். அவர்கள் அனுப்பிய ஒன்றில், கூட்டின் குறுக்குவெட்டுப் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டைவிரல் இருந்தது. மடித்து வைத்த படத்தை விரிக்காமலே ஸ்கேன் செய்திருப்பதால் ராணித் தேனீக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. அட்டையில் பளபளவென்று ஒரு வண்ணப்படம். உற்றுப் பார்த்தால் அது தேனீயே இல்லை, பூவில் உட்காரும் சாதாரண ஈ.

பழைய பிரதிகளின் தொல்லை வேறு. பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலில் வார இறுதியில் கூடும் பழம்பொருள் சந்தையில், ரூட் என்பவர் எழுதிய தேனீ வளர்ப்பு அரிச்சுவடியின் ஒரு பிரதி கிடைத்தது. 1877-இல் முதலில் வந்த புத்தகம். என்னுடையது பின்னாளைய பதிப்பு. நடுவில் சில பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. “ஈரமா?” என்றேன். “தேன், பாஸ்! அசல் பழைய தேன்” என்று அதற்கும் சேர்த்து விலை சொன்னார் கடைக்காரர். வீட்டுக்கு வந்த பிறகு எறும்பு வந்து அவர் சொன்னதை உறுதி செய்தது. எறும்பு போனதும் ராமபாணப் பூச்சி. பூச்சியைப் பற்றிய புத்தகத்தைப் பூச்சியே தின்கிறது. கோலாலம்பூர் புழுக்கத்தில் அதற்குப் பசியும் அதிகம்.

இந்த ரூட் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஓஹாயோவில் தேனீப் பெட்டி விற்றுக்கொண்டிருந்தவர், ரைட் சகோதரர்கள் 1904 செப்டம்பரில் விமானத்தை முதல் தடவையாக ஒரு முழு வட்டம் அடித்துக் காட்டியதை நேரில் நின்று பார்த்தார். 1905 ஜனவரியில் தன் தேனீப் பத்திரிகையிலேயே அதை எழுதிவிட்டார். விமானம் பறந்ததை நேரில் கண்டு எழுதி அச்சான முதல் கட்டுரையை உலகம் தேன் விலைக்கும் மெழுகு விளம்பரத்துக்கும் நடுவில் படித்திருக்கிறது. என் மனைவி வாங்கச் சொன்ன ஒரே தேனீப் புத்தகம் ஷெர்லாக் ஹோம்ஸ் எழுதியது. ஓய்வுபெற்று சஸெக்ஸில் தேனீ வளர்த்து, ராணித் தேனீயைப் பிரித்துவைப்பது பற்றி அவர் ஒரு கையேடு எழுதியதாகக் கோனன் டாயிலின் 1917-ஆம் வருஷக் கதையில் வரும். இல்லாத புத்தகம் இடத்தை அடைக்காது என்பது அவள் கணக்கு.

நம் பக்கத்துக்கும் வரலாறு உண்டு. கபிலர், உழாமலே பறம்பு மலை தரும் உணவுகளைப் பட்டியல் போட்டபோது மூங்கிலரிசி, பலா, வள்ளிக்கிழங்கோடு தேனையும் சேர்த்தார். திருச்சியில் 1911 முதல் 1917 வரை பாதிரியார் நியூட்டன் நம் ஊர்த் தேனீயின் சின்ன உடம்புக்கு ஏற்ற சின்னப் பெட்டி செய்து ஆட்களைப் பழக்கினார். தென்னிந்தியாவில் இன்றும் அது நியூட்டன் பெட்டிதான். பிறகு மார்த்தாண்டத்தில் ஒய்எம்சிஏக்காரர்கள் அந்தத் தொழிலை வீட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

இவ்வளவும் படித்தவன் என்ற நம்பிக்கையில்தான், வாகன நிறுத்தத்துக்கு மேலே தண்ணீர்த் தொட்டியின் அடியில் மலைத்தேனீ வந்து அடை கட்டியபோது என்னைக் கீழே கூப்பிட்டார்கள். கருகருவென்று ஒரே அடை, காரின் முன்கண்ணாடி அகலம். நான் ரூட்டையும் லாங்ஸ்ட்ரோத்தையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன். இரண்டு பேருமே முதல் வேலையாகப் பெட்டியைத் தயாராக வைக்கச் சொல்கிறார்கள். இந்தத் தேனீயோ பெட்டிக்குள் தங்காத ஜாதி. திறந்த வெளியில் தொங்கும், பருவம் மாறினால் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும். பென்டன் என்ற அமெரிக்கர் இதைப் பிடித்துப் பெட்டியில் அடைப்பதற்காகவே 1880களின் தொடக்கத்தில் கீழ்த்திசைக்குக் கப்பல் ஏறி, உடம்பைக் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம். இதை நான் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். “அங்கிள், என் காரை எடுக்கலாமா கூடாதா?” என்றார் பதினோராம் மாடி சீன அம்மா.

விஷயம் தெரிந்தவர் எங்கள் ஜாகா, அதாவது காவலாளிதான். கெடாக்காரர். அவர் ஊர்ப்பக்கம் துவாலாங் மரத்தில் இதே தேனீ. ஒரே மரத்தில் நூறு அடைகூடத் தொங்குமாம். நிலா இல்லாத ராத்திரியில் ஏறி, எரிகிற பந்தத்தைக் கிளையில் தட்டினால் பொறி கொட்டும். தேனீ பொறியைத் துரத்திக்கொண்டு கீழே போகும். இரும்புக் கத்தி கூடாது, மரமும் எலும்பும் தோலும்தான். இரும்பு ஈட்டி பட்ட அரண்மனைப் பெண் ஒருத்திதான் தேனீயாக மாறினாள் என்று அங்கே கதை. என் அலமாரியில் இதில் ஒரு வரிகூட இல்லை. “ஏறுகிறீர்களா?” என்று கேட்டேன். தனக்கு முட்டிவலி என்று சொல்லிவிட்டு, பொதுத் தற்காப்புப் படைக்குப் போன் போட்டார். இருட்டியதும் வந்து வேலையை முடித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் தேன் அங்கிளின் ஆலோசனைக்கு நன்றி என்று குறிப்பில் ஏற்றினார்கள். கூடவே, மாடி மாடியாக வந்து துணியைத் தூக்கிக்கொண்டு போகும் குரங்குகளைப் பற்றி என்னிடம் ஏதாவது புத்தகம் இருக்கிறதா என்று தலைவர் கேட்டார். பழையதா, மறுபதிப்பா என்று கேட்டேன். என் மனைவி கூட்டத்திலிருந்து எழுந்து போய்விட்டாள்.