பாசி வைக்கிற நேரம்

"கொஞ்சம் இருங்க தம்பி, பாசி வெக்கற நேரம்" என்று அவர் எழுந்துவிட்டால், வந்த காரியம் அன்றைக்கு நடக்காது. செக் புத்தகம் மேசைமேல் விரித்தபடி கிடக்கும். பேனா மூடி கழன்றிருக்கும். ஆள் மட்டும் தொட்டிக்கு முன்னால் நிற்பார்.

நான் யாரோ ஒருவரை மனத்தில் வைத்து எழுதுவதாக எண்ண வேண்டாம். கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் பனியன் கம்பெனி முதலாளி என்பது திருப்பூர் மண்ணரையில் ஒரு வகை. அந்த வகைக்கு நரைத்த மீசையும், வெள்ளை ஸ்கூட்டரும், எனக்குத் தர வேண்டிய பில் பாக்கியும் இருப்பது தற்செயல்.

தொட்டி 400 லிட்டர். லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் 14 கிலோ உப்பு. கடை உப்பு ஆகாது. கால்சியம், மெக்னீசியம் எல்லாம் சேர்த்துக் கடல்மீனுக்கென்றே வாளியில் விற்கிற உப்பு. சாயக்கழிவோடு நொய்யலில் உப்பும் போகிறது என்று 2011 ஜனவரியில் ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஊர் இது. தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. பிளான்ட் போட்டு டையிங்காரர்கள் கடன்பட்டார்கள். இவர் ஆர்.ஓ. தண்ணீரை வாங்கி, கரைந்த உப்பின் அளவு, அதாவது டி.டி.எஸ்., பூஜ்யம்தானா என்று மீட்டர் வைத்துப் பார்த்து, பிறகு அதையே 35,000-க்குக் கொண்டுபோகிறார். டையிங்காரர் ஒருவர் இதை நேரில் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அது அவர்கள் பாடு. என் பாடு பாசி.

தொட்டியில் ஏழெட்டு மீன் இருந்தாலும் மரியாதை இரண்டுக்குத்தான். ஒன்று நீலம். 2003-இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தில் எல்லாவற்றையும் மறந்துபோகுமே, அந்த டோரியின் ஜாதி. வாலடியில் இரண்டு பக்கமும் கத்தி மாதிரி முள் இருப்பதால் சர்ஜன் மீன் என்று பெயர். இன்னொன்று மஞ்சள், யாழ்ப்பாணத்தார் கூழில் போடுகிற ஒரா மீனுக்குப் பங்காளி. பவளப்பாறையில் பாசியும் கொறிக்கிற ஜீவன்கள். பச்சை கிடைக்காவிட்டால் மெலியும். தலையில் குழி குழியாக விழும். ஆகவே, ஜப்பான்காரர் சோற்றைச் சுற்றித் தின்பதற்காகச் செய்த நோரி என்ற பாசித்தாள் வருகிறது. பாக்கெட்டுக்குப் பத்து தாள். தீய்ந்துபோன அப்பளத்தை இஸ்திரி போட்டு மடித்து வைத்தாற்போல இருக்கும். பேக்கிங்கில் இருக்கிற பெண்கள் 'மீன் அப்பளம்' என்கிறார்கள், அவர் இல்லாதபோது.

முதலில் கை கழுவுவார். சோப்பு கூடாது. பிறகு ஒரு தாளை உருவி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்ப்பார். நாற்பது வருஷம் துணியைத் தேய்த்த விரல். "இது முகப்பக்கம், பளபளங்குது பாருங்க. இது பின்பக்கம், சொரசொரங்குது." டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஓட்டை தேடுவார். நான் தைத்துக் கொடுத்த 1,200 டி-சர்ட்டை அவர் இப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்காமலே முப்பதை ரிஜெக்ட் என்றார்.

அடுத்து ஜி.எஸ்.எம். கட்டர் வரும். வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: துணிமேல் வைத்து அழுத்தித் திருகினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் விழும். அதை எடை போட்டு நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. டி-சர்ட் துணி 160, 180 என்று நிற்கும். இவர் அதைப் பாசித்தாள்மேல் வைத்துத் திருகுவார். தராசு 0.75 காட்டும். "எழுவத்தஞ்சு ஜி.எஸ்.எம். தம்பி! என்ன ஃபினிஷிங் பாருங்க!" வாராவாரம் அதே எழுபத்தைந்து. வாராவாரம் அதே ஆச்சரியம்.

தாளின் அளவு 19-க்கு 21 சென்டிமீட்டர். வட்டத்தை நட்டநடுவில் வைப்பதால் ஒன்றுதான் விழும். மூலைக்கு மூலை வைத்தால் இரண்டு விழும் என்று கட்டிங் மாஸ்டர் ஒருமுறை பென்சிலால் வரைந்தே காட்டினார். "ஓரம் மீனுக்கு ஆவாது மாஸ்டர்" என்று முடித்துவிட்டார். ஆக, கால்வாசி மீனுக்கு. முக்கால்வாசி கட்டிங் வேஸ்ட். நூற்றுக்கு இரண்டு பீஸ் குறைந்தால் பில்லில் பிடிக்கிற மனுஷர்!

அந்த முக்கால்வாசி வீணாகிறது என்று நினைக்காதீர்கள். காத்திருக்கிற ஆளுக்கு நீட்டப்படும். "வாயில போடுங்க. அயோடின்." மறுக்க முடியாது, பணம் வாங்க வந்திருக்கிறோம். நாக்கில் ஒட்டிக்கொண்டு, மேலண்ணத்தில் பசை மாதிரி ஏறிக்கொள்ளும். மீன் தின்று மிச்சம் வைத்ததைத் தின்றவர்கள் உண்டு. மீனுக்கும் முன்னால் மிச்சத்தைத் தின்றவன் நான்தான்.

இனி கிளிப். ஸ்பிரிங் வைத்த கிளிப் உப்பில் துருப்பிடிக்கும். ஆகவே சட்டை மடிப்பில் மாட்டுகிற பிளாஸ்டிக் கிளிப், ஷிப்மென்ட் பெட்டியிலிருந்து எடுத்தது. அதில் வட்டத்தைச் செருகி, உறிஞ்சு ரப்பரில் கட்டி, கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டுவார். ஒட்டாது. மறுபடி ஒட்டுவார். முழங்கை வரை நனைந்தபின் ஒட்டும்.

அப்புறம் மௌனம். மீன் வராது.

"அசையாதீங்க தம்பி. செவப்புச் சட்டை போட்டுட்டு வந்துட்டீங்க, அதுக்கு வெக்கமாயிருக்குது." பத்து நிமிஷம். நீல மீன் கல்லுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும். "வருது, வருது." வராது. இடையில் பழங்கதை: முதன்முதலில் தெரியாமல் எண்ணெயும் காரமும் தடவிய நொறுக்குப் பாசியை வாங்கிப் போட்டதும், தண்ணீர்மேல் எண்ணெய் படர்ந்ததும், ராத்திரி இரண்டு மணிவரை தண்ணீர் மாற்றியதும். ஏழாவது தடவையாகக் கேட்கிறேன். இதற்குள் தைக்கிற ஹாலில் டீ மணி அடித்து, டீ நேரம் முடிந்து, மறுபடியும் மணி அடித்துவிடும். அங்கே டீக்குப் பத்து நிமிஷம். பன்னிரண்டாவது நிமிஷம் சூப்பர்வைசர் வாசலில் நிற்பார். இங்கே, "மேயற ஜீவனை அவசரப்படுத்தக் கூடாதுங்க."

ராமேஸ்வரம் போய்த் திரும்பும்போது, அவர் மனம் குளிரட்டும் என்று மண்டபத்திலிருந்து ஒரு பை கஞ்சிப்பாசி வாங்கி வந்தேன். மன்னார் வளைகுடாப் பக்கம் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி, பாறையிலிருந்து பறிக்கிற பாசி. மனிதரும் கஞ்சி காய்ச்சிக் குடிக்கலாம். அவர் பையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "லேபிள் இல்லீங்களே" என்றார். அவர் போன் பேசத் திரும்பிய நேரத்தில் நான் ஒரு கொத்தைப் போட்டேன். நீலமும் மஞ்சளும் முட்டி மோதி மூன்று நிமிஷத்தில் முடித்தன. திரும்பிப் பார்த்தவர், "பாவம், பசியில எதையோ தின்னுருச்சு" என்றார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கம்பெனி நிற்கிற இடம் அவர் அப்பா காலத்தில் தோட்டம். நாலு எருமை, ஒரு ஜோடி காளை. இவர் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதல் வேலை சோளத்தட்டு அரிந்து போடுவது. ஷெட் போட இடம் வேண்டி மாட்டையெல்லாம் விற்றபோது, காளை வண்டியில் ஏறாமல் திரும்பித் திரும்பிப் பார்த்ததாம். இதை அவர் ஒருமுறைதான் சொன்னார், தொட்டியைப் பார்த்துக்கொண்டே. அன்றைக்குத் தாளைக் கிளிப்பில் செருகிய விதம், தட்டுக்கட்டைப் பிரித்துப் போடுகிற விதமாக இருந்தது. ஒரு நாள் இரவு கரண்ட் போய் பம்பு நின்றபோது, பேட்டரியில் ஓடும் காற்றுக்குழாயைக் கையில் பிடித்தபடி விடியும் வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் அவர். வாட்ச்மேன் சொன்னார். அப்படிப்பட்ட ஆளைப் பற்றிக் கோபமாக எழுத உட்கார்ந்தால் கோபம் நிற்க மாட்டேன் என்கிறது.

சனிக்கிழமை வந்தால் நிற்கிறது.

தைக்க எனக்குப் பன்னிரண்டு பவர் டேபிள் மெஷின். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். பாத்திமா பீவி காத்திருக்கிறாள், ஒடிசாப் பையன்கள் காத்திருக்கிறார்கள், நான் சிவப்புச் சட்டையில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாளுக்குமேல் இழுக்கக் கூடாது என்று 2006-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். அதைச் சொன்னேன். "சட்டமெல்லாம் நமக்குள்ள எதுக்குங்க தம்பி" என்றவர், அடுத்த மூச்சில், "தின்னாத பாசிய மட்டும் அன்னன்னிக்கே வெளிய எடுத்துறோணும். விட்டா அழுகி, நைட்ரேட் ஏறி, தண்ணியே கெட்டுரும்" என்று மிச்சத் தாளைத் துளித்துளியாகப் பொறுக்கி எடுத்தார். ஒரு துளிகூட மறுநாளைக்குத் தங்கவில்லை. செக்கில் கையெழுத்து மட்டும் திங்கட்கிழமைக்குத் தங்கியது.

போன சனிக்கிழமை வீட்டுக்காரியின் வளையலை அடகு வைத்துச் சம்பளம் போட்டேன்.

இது ஒரு வகையைப் பற்றிய கட்டுரை என்று தொடங்கினேன். வகைக்கு ஆபீஸ் கிடையாது, செக் புத்தகமும் கிடையாது. ஆகவே உங்களிடமே சொல்கிறேன் அண்ணா: தொகை 48,600 ரூபாய். இன்றோடு 62 நாள். வருகிற சனிக்கிழமை பாசி வைப்பதற்கு முன்னால் வருகிறேன். வெள்ளைச் சட்டையில்.