தொரையின் கிளச்சும் நம்ம கிளச்சும்

எழுபதுகளில் இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் என்றால் சின்னத் தொரையின் பி.எஸ்.ஏ. ஒன்றுதான். சத்தம் கேட்டதும் ரோட்டில் போகிறவர்கள் ஓரத்துக் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். முதுகில் கொழுந்துக் கூடை நிறைந்திருந்தாலும் அதே சட்டம்தான். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போயின. வெள்ளைக்காரத் தொரைமார் ஊருக்குக் கப்பலேறினார்கள், உள்ளூர்த் தொரைமார் வந்தார்கள். சைக்கிள் அதேதான். கானும் அதேதான்.

அந்த வண்டியை ஓட்டத் தெரிந்தவர் தொரை. அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் தேயிலை ஸ்டோரில் பிட்டராக இருந்த எங்கள் அப்பா. கழற்றலாம், பூட்டலாம், துடைக்கலாம். ஏறி உட்கார மட்டும் அவருக்கு அனுமதியில்லை. ஆகவே தான் திருத்திய கிளச் ஏற்றத்தில் எப்படி இழுக்கிறது என்பதை அப்பா காதால் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். மேல்மலை வளைவில் தொரை கியர் மாற்றும் சத்தம் வரும்வரை ஸ்டோர் வாசலிலேயே நிற்பார்.

"என்னா மனுசன், கிளச்சு குதிக்கிது?" என்று தொரை தோட்டத்துத் தமிழில் கேட்பார்.

"தக்கை தேஞ்சிருச்சிங்க தொரை."

அந்தக் காலத்து பி.எஸ்.ஏ. கிளச் பிளேட்டில் வட்ட வட்டமாக ஓட்டைகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் தக்கை பதித்திருப்பார்கள். புதுப் பிளேட்டுக்கு எங்கே போவது? இறக்குமதிக்கு அரசாங்கம் பூட்டுப் போட்டிருந்த காலம். பாணுக்கே கியூ. 1974ஐ ஒட்டி மலையகத்தில் பட்டினியால் ஆட்கள் செத்தார்கள். அந்த நேரத்தில் கிளச் பிளேட் கேட்டுக் கொழும்புக்கு யார் கடிதம் போடுவது? அப்பா டிஸ்பென்சரிக்குப் போய் மிக்சர் போத்தல் தக்கைகளைக் கேட்டு வாங்கி வந்தார். அளவாக வெட்டி, கொதிநீரில் ஊறவைத்து, இளகியதும் ஓட்டைகளில் ஒவ்வொன்றாக அழுத்தினார். ராத்திரி முழுக்கக் காய்ந்த பிறகுதான் உண்மையான வேலை. இரும்பு மட்டத்தைக் குறுக்கே வைத்து, எந்தத் தக்கை உயர்ந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து அரத்தால் தேய்ப்பார். ஒன்று மயிரிழை உயர்ந்தாலும் அதுதான் முதலில் பிடிக்கும், வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளும்.

பூட்டிய பிறகு ஸ்பிரிங் நட்டுகள். லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக மிதித்தால் மேல் தட்டு சுழலும். அது கோணலாகச் சுழன்றால் ஒரு ஸ்பிரிங் இறுகியிருக்கிறது, எதிர்ப்பக்கம் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கால் திருகு கூட்டி, கால் திருகு குறைத்து, தட்டு நேராகச் சுழலும்வரை விடமாட்டார்.

மறுவாரம் கிளப்பில் தொரை, கிளச்சைத் தானே பிரித்துச் சரிசெய்ததாகச் சொன்னாராம். பரிமாறிய பட்லர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அப்பா சிரித்தார். தோட்டத் தமிழர்களின் பிரஜாவுரிமை இழுபறியில் கிடந்த அந்த நாளில், எந்த நாட்டுப் பிரஜை என்பதே அவருக்கு முடிவாகியிருக்கவில்லை. கிளச்சுக்கு உரிமை கொண்டாடவா போகிறார்?

1977இல் இறக்குமதிக் கதவு திறந்தது. ஜப்பானில் ஓடி முடித்த ஹொண்டாக்கள் நம் மலையில் ஏறத் தொடங்கின. இன்று லயத்து வாசலிலேயே பைக் நிற்கிறது. தொரை ஜீப்பில் போகிறார். கானுக்குள் இறங்கி நிற்க யாருமில்லை. கான் வெட்டவும்தான் ஆளில்லை.

என்னிடம் இருப்பது பழைய ஹொண்டா சிடி 125. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்றது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது. வண்டி சும்மா நின்றபடியே விலை ஏறிக்கொண்டிருந்தது, கிளச் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் முதல் கியர் போட்டால் 'டக்' என்று முன்னால் பாயும். தலவாக்கலையிலிருந்து 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவுக்கு ஏறுகிற பாதையில், பஸ்ஸுக்குப் பின்னால் அரைக் கிளச்சில் ஊர்ந்தால் கை நடுங்கும். க்யூஆர் கோட் காட்டினால் பைக்குக்கு வாரம் நாலு லீற்றர் பெற்றோல் என்றிருந்த நாட்கள் அவை. கிளச் வழுக்கினால் அந்த நாலு லீற்றரும் சூடாகவே போய்விடும்.

ஹட்டனில் ஒரு கடையில் பிளேட் கேட்டேன். "ஜப்பானா, இந்தியாவா, சைனாவா?" என்றார் பையன். மூன்றும் ஒரே பெட்டியிலிருந்துதான் வந்தன. வீட்டிலே மகன் போனைத் திறந்தான். கோயம்புத்தூர்ப் பக்கத்து மெக்கானிக் ஒருவர் "வணக்கம் மக்களே" என்று பல்சர் பைக் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். "நம்ம வண்டி அது இல்லையே தம்பி" என்றேன். "கிளச்சு எல்லாம் ஒண்ணுதானேப்பா" என்றான். சொல்லப்போனால் அவன் சொன்னதும் சரிதான்.

முதலில் கிளச் வயர். மேல்முனையைக் கழற்றி, பொலித்தீனைப் புனலாகச் சுற்றிக் கட்டி, ஒயில் ஊற்றித் தொங்கவிட்டோம். விடியும்போது கீழ்முனையில் கறுப்பாகச் சொட்டியது. லீவர் பாதி இளகிவிட்டது. அடுத்தது என்ஜின் ஒயில். ஒயில் மாற்றிய ஓர் இடத்தில் காருக்கு விடுவதை ஊற்றியிருந்தார்கள். இந்த வண்டியில் கிளச் பிளேட் என்ஜின் ஒயிலுக்குள்ளேயே குளிக்கிறது. உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்த கார் ஒயில் அதற்கு ஆகாது. 'ஜாசோ எம்ஏ' என்று போட்ட ஒயில்தான் வேண்டும்.

அப்புறமும் துள்ளல் கொஞ்சம் மிச்சமிருந்ததால் வலப்பக்கக் கவரைத் திறந்தோம். இரும்புத் தகடுகளைக் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தோம், வளைவில்லை. குற்றவாளி கிளச்சின் வெளிக்கூடு. பிளேட்டுகளின் காதுகள் வருடக்கணக்காக இடித்து இடித்து அதன் விரல்களில் பள்ளம் போட்டிருந்தன. லீவரை விடும்போது காது பள்ளத்தில் சிக்கி, பிறகு சட்டென்று நழுவும், அதுதான் துள்ளல். பள்ளம் ஆழமில்லாததால் அரத்தால் சமப்படுத்தினோம். அரம் அப்பாவுடையது, சரியாகச் சொன்னால் தோட்டத்துச் சொத்து, அவரோடு சேர்ந்து ஓய்வு பெற்றது. மகன் அதை வீடியோ எடுத்து, தானே தேய்த்ததாகப் போட்டான். அன்று தொரை கிளப்பில் சொன்னதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. நானும் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை.

2025இல் இறக்குமதி மறுபடி திறந்துவிட்டது. புது வண்டியின் விலையைக் கேட்டால் பழையதைத் தேய்த்துக்கொண்டிருப்பதே மேல் என்று தோன்றும். அப்படிப் பழையது வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிர் காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன் கியரில் போட்டு, லீவரை இழுத்துப் பிடித்து, வண்டியை முன்னும் பின்னும் உருட்டுங்கள், ஒட்டிய பிளேட்டுகள் பிரியும். லீவர் முனையில் 10 முதல் 20 மில்லிமீற்றர் லூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். வயர், ஒயில், வெளிக்கூடு மூன்றையும் பார்த்து முடித்த பிறகு கடைக்குப் போய் ஜப்பானா சைனாவா என்று யோசிக்கலாம்.