சாகும்வரை மெம்பர்

சீனாவில் 1947 நவம்பரில் தேசிய சபைக்கும், 1948 ஜனவரியில் சட்டமன்றத்துக்கும் ஓட்டுப் போட்டார்கள். தேசிய சபைக்காரருக்கு ஆறு வருஷம், சட்டமன்றக்காரருக்கு மூன்று வருஷம். ஜெயித்த சியாங் கை ஷேக் ஆட்களின் மாலை வாடுவதற்குள் மாவோ வந்துவிட்டார். 1949 டிசம்பரில் மூட்டை முடிச்சோடு தைவானில் ஒதுங்கினார்கள். நாடு போச்சு, பதவி மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது.

அடுத்த தேர்தல்? “சிச்சுவான் மெம்பரை சிச்சுவான்காரன்தானே தேர்ந்தெடுக்கணும்? அவன் மாவோவிடம் மாட்டியிருக்கிறான். மீட்டதும் வைத்துக்கொள்ளலாம்” என்றார்கள். 1954இல் நீதிபதிகளும் அதற்குத் தலையாட்டிவிட்டார்கள். தேசிய சபைக்கு முக்கிய வேலை, ஆறு வருஷத்துக்கு ஒருமுறை கூடி ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பது. ஐந்து முறை கூடியும் அவர்களுக்கு சியாங்கைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லை. இரண்டு தடவைக்கு மேல் கூடாது என்று அரசியல் சட்டத்தில் இருந்த வரியை 1960இல் பரணில் போட்டார்கள்.

தேசிய சபையில் ஒருவர் செத்தால் இடைத்தேர்தல் கிடையாது. 1947இல் தோற்றுப்போனவர்களில் அடுத்து நின்றவருக்கு அந்த நாற்காலி. ஆக, எமன்தான் தேர்தல் கமிஷனர். அவரும் நிதானமாகத்தான் வேலை பார்த்தார். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வரப்பட்ட மெம்பர்களைப் பார்த்து 1990 மார்ச்சில் தைபே மாணவர்கள் ‘கிழட்டுத் திருடர்கள்’ என்று கத்தினார்கள். அந்த ஜூனில் நீதிபதிகளுக்கும் ஞானோதயம். 1991 டிசம்பர் 31க்குள் எல்லாரும் வீட்டுக்குப் போகவேண்டும் என்றார்கள். மூன்று வருஷப் பதவி 43 வருஷம் ஓடியிருந்தது. போகும்போது ஓய்வுத்தொகை வேறு.

கிழக்காசியத் தேர்தல்களை ஆராயும் அரசியல் பேராசிரியர்களுக்கு இது அள்ள அள்ளக் குறையாத சுரங்கம். அவர்களில் ஒருவராவது ஆத்தூரில் பஸ் மாறி தம்மம்பட்டிப் பக்கம் வந்திருக்கலாம். இங்கே கதை தலைகீழ். 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு உள்ளாட்சி மெம்பர்களின் காலம் முடிந்தது. பேரூராட்சிகளுக்கு அடுத்த ஓட்டு 2022 பிப்ரவரி 19இல்தான். நடுவில் கோர்ட்டு, இடஒதுக்கீடு, வார்டு வரையறை, கொரோனா என்று ஒவ்வொன்றாக வந்து போயின. தேர்தல் மட்டும் வரவில்லை. தனி அலுவலர் கையெழுத்திலேயே ஊர் ஓடியது. 1991 முதல் 1996 வரையும் இதே கூத்துதான் என்பதால் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

அங்கே ஓட்டுக்காரன் இல்லாத மெம்பர். இங்கே மெம்பர் இல்லாத ஓட்டுக்காரன். எது மோசம் என்று கேட்டால், நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். குழாயில் காற்று மட்டும் வருகிற காலையில், காலிக்குடத்தோடு போய் வாசலில் நின்று திட்டுவதற்கு வார்டுக்கு ஒரு ஆள் வேண்டாமா? தனி அலுவலரைத் திட்டினால் மனு எழுதிக்கொடுக்கச் சொல்வார்.

தைவான் சட்டம் இங்கேயும் இருந்திருந்தால் கவலையே இல்லை. 2011இல் ஜெயித்தவர் அப்படியே உட்கார்ந்திருப்பார். அன்று தோற்றவர் தினமும் காலையில் அவர் வீட்டு வழியாகவே வாக்கிங் போய், “அண்ணே, சுகர் இப்ப எவ்வளவு இருக்கு?” என்று அக்கறையாகக் கேட்டிருப்பார்.